பெருவிரல் வைக்காத தாள்

"ரேகை வைக்காம பேப்பரைத் தூக்கிட்டு வந்துட்டேன்" என்று முன் இருக்கைப் பெண் சொன்னாள். எண்பதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், சயான் ஆஸ்பத்திரியிலிருந்து தாராவி போகும் பஸ். பக்கத்தில் நின்ற அவள் கொழுந்தன் பதறிவிட்டான்.

"என்ன மதினி! நாளைக் காலைல ஆபரேஷன். அண்ணன் காலுல சீழ் வச்சு, காய்ச்சல்ல நெனவில்லாமக் கெடக்கான். டாக்டர் சாப் என்ன நெனைப்பாரு?"

"சீழை எடுப்பியளா, காலையே எடுப்பியளான்னு கேட்டேன். 'வெறும் ரூல்ஸ்தான், வை'ன்னாரு."

"வைக்க வேண்டியதுதானே?"

"ரேஷன் கடையில மண்ணெண்ணெய் அளவைப் பாக்காம நான் ரேகை வச்சிருக்கேனா? இது அவரு காலுல்லா?"

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதை எங்கள் பக்கம் நீட்டி, "யாராச்சும் தமிழ்ல சொல்லுதியளா?" என்று கேட்டாள்.

நான் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவன். தேவைப்பட்டால் எதையும் வெட்டி எடுக்கச் சம்மதம் என்றுதான் அதில் இருக்கும். முப்பது வருடம் அதே 'வெறும் ரூல்ஸ்' சொல்லி எத்தனையோ பேரின் ரேகையை வாங்கியிருக்கிறேன். ஒன்றைக்கூடப் படித்துக் காட்டியதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ் நின்றது.

"இறங்குலே. வைக்கச் சொன்னவரே படிச்சுச் சொல்லட்டும். அதுவரைக்கும் அங்கயே உக்காந்திருப்பேன்."

ஆஸ்பத்திரிக்குத் திரும்ப எதிர்ப்பக்கம் பஸ் பிடிக்க இருவரும் சாலையைக் கடந்தார்கள். என்னிடம் ஒருவரும் அப்படித் திரும்பி வந்ததில்லை. வந்திருந்தால் படித்துச் சொல்லியிருப்பேனா என்பது இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.