பத்தாவது பாட்டுக்கு அழுகை வரலை

— 1982 பிப்ரவரி 18, வியாழக்கிழமை. இரண்டாம் மாடி ஒலிப்பதிவுக் கூடம். பத்தாம் பாட்டு, 'டம்ளரில் ஒற்றைப் பிரஷ்'. பதினாலாம் முறை. டேப் ஓடுது. பாடு மாப்ள.

— டம்ளரில் ஒற்றைப் பிரஷ்... என்னைப் போல் அதுவும்...

— நிறுத்து, நிறுத்து.

— ஏன் மச்சான்? சுருதி சரியாத்தானே...

— சுருதிக்கு என்ன குறை. சிரிக்கிற.

— நானா?

— கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கேன். பொண்டாட்டி கோச்சுக்கிட்டுப் போயி எட்டு மாசம் ஆனவன் பாடற பாட்டு இது. நீ என்னடான்னா பல் தேய்ச்சுட்டு ஊர் சுத்தக் கெளம்பறவன் மாதிரி பாடற.

— சிந்தசைசரை வேணும்னா இன்னும் கொஞ்சம் சோகமா வாசியேன்.

— அது ஒப்பாரியே வைக்குது. டிரம் மெஷின்கூட உன்னைவிட உருக்கமா தட்டுது. இத்தனைக்கும் அதுக்குக் கல்யாணமே ஆகல.

— தண்ணி குடிச்சுட்டு வரேன்.

— உக்காரு. அஞ்சு மணிக்குக் கம்பெனிக்காரர் டேப் வாங்க வர்றார். இப்ப மணி நாலரை. பத்துப் பாட்டு இருந்தாத்தான் இசைத்தட்டு, ஒண்ணு குறைஞ்சாலும் கிடையாதுன்னு எழுதி வாங்கியிருக்கார். கேக்கறவன் அழுதுக்கிட்டே ஆடணும்னார். உன் குரல்ல ஆட்டம் மட்டும்தான் இருக்கு. முதல் ஒன்பதையும் கண்ணீரும் கம்பலையுமா பாடினவன்தானே நீ?

— சரி சரி... சோகமா எதையாவது நினைச்சுக்கறேன்.

— அவ போன நாளை நினைச்சுக்க. வாசல்... பெட்டி... திரும்பிக்கூடப் பாக்கல...

— ம்... ம்... க்ஹ்ம்.

— மறுபடியும் சிரிக்கற.

— இருமல், மச்சான்.

— இருமினா கன்னத்துல குழி விழுமா? ...இரு, இரு. அந்தச் சட்டைக்கு மூணாவது பட்டன் கிடையாதே. 'ஈரத்துண்டு' பாடறப்ப ஊக்கு குத்தியிருந்தியே.

— தச்சுக்கிட்டேன்.

— நீயா? ஊசியில நூல் கோக்க வரலைன்னு அதையே அஞ்சாவது பாட்டா எழுதினவன் நீ.

— பாட்டை ஆரம்பிக்கலாமா மச்சான்?

— மாப்ள.

— கோச்சுக்காத. பாட்டு முடிஞ்சதும் சொல்லலாம்னுதான்... ஞாயித்துக்கிழமை வந்துட்டா.

— யாரு?

— வேற யாரு? உன் தங்கச்சிதான்.

— ஓ.

— என்ன, ஓ-ங்கற? கூடப் பொறந்தவ திரும்பி வாழ வந்திருக்கா...

— சந்தோஷம், மாப்ள. ரொம்ப சந்தோஷம். நாளைக்கு வந்திருந்தா இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும்.

— ஒரு கூத்து கேளு. அவ எப்பவோ வந்திருப்பாளாம். நான்தான் 'இப்ப வர வேணாம், கொஞ்ச நாள் தனியா இருக்கேன்'னு சொல்லி அனுப்பினதா யாரோ அவகிட்ட சொல்லியிருக்காங்க. பைத்தியக்காரி, நம்பிட்டா. இனி யார் சொன்னாலும் கேக்கறதில்லன்னு அவளாவே பஸ் ஏறி வந்திருக்கா.

— யாருன்னு... சொன்னாளா?

— வாயே திறக்கல. விடுங்க, ஏதோ நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சிருப்பாங்கங்கறா. உங்கப்பாவா இருக்குமோ?

— இருக்கும்.

— இல்ல, அத்தையா?

— அவங்களாவும் இருக்கலாம். யார் கண்டா. நீ பாடு.

— யாரா இருந்தா என்ன, மன்னிச்சாச்சு மச்சான். இன்னிக்கு எனக்கு எதிரின்னு ஒருத்தரும் கிடையாது.

— அதான் மாப்ள சிக்கலே.

— இதோ பாடறேன். டம்ளரில் ஒற்றைப்... சே. காலையில ரெண்டு பிரஷ் இருந்துச்சா, அதுவே கண்ணுக்கு முன்னாடி வருது. தப்பா எடுத்துக்காத.

— மணி நாலு நாப்பத்தெட்டு... மாப்ள, ஒண்ணு கேக்கறேன். அப்படிச் சொன்னது யாருன்னு தெரிஞ்சா உனக்கு வருத்தமா இருக்குமா?

— ஆளைப் பொறுத்தது.

— ரொம்ப வேண்டப்பட்டவன்னு வை.

— உங்கப்பான்னா கோவம் வரும், ரெண்டு நாள்ல போயிடும். வேண்டப்பட்டவன்னா... கோவம் வராது. அது வேற மாதிரி வலிக்கும்.

— எவ்வளவு வலிக்கும்? இந்தப் பாட்டு அளவுக்கு வலிக்குமா?

— இதுக்கு மேலயே வலிக்கும். ஏன் மச்சான் கேக்கற?

— ஹெட்போனை மாட்டிக்க. மைக்கை விட்டு நகராத. டேப் ஓடுது.

— மாட்டிக்கிட்டேன்... சொல்லு.

— ஆகஸ்ட்லயே அவ பெட்டி கட்டிட்டா. அப்ப நமக்கு மூணு பாட்டுதான் தேறியிருந்துது. நான்தான் வர வேணாம்னேன்.