அனுசியாவுக்கு அண்ணனாக நடித்தவன்

பழைய இங்கிலீஷ் கறுப்பு வெள்ளைக் காமெடிப் படங்களில் ஒரு குறை உண்டு சார். பணக்காரனை ஏமாற்ற வந்த பெண் கடைசியில் அவனையே காதலித்துக் கட்டிக்கொள்வாள். பார்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். அவளோடு கூட வந்த கூட்டாளி என்ன ஆனான் என்று மட்டும் காட்டவே மாட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் சிடி கடை வைத்திருந்தபோது அந்தப் படங்களை வாடகைக்கு எடுக்க ஆளே கிடையாது. நானே போட்டுப் பார்ப்பேன். பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்த்த அனுசியா மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கூட உட்காருவாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பொய் சொல்லும்போது கதாநாயகி கண்ணை எங்கே வைக்கிறாள் என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

சிடி வியாபாரம் படுத்தபின் அந்தப் படிப்பைத்தான் தொழிலாக்கினோம். நான் அண்ணன், அவள் தங்கை, தாய் தகப்பன் இல்லாத குடும்பம். தென்காசியில் ஒருவர், சிவகாசியில் ஒருவர் ஏமாந்தார்கள். கல்யாணம் வரைக்கும் போகவிட மாட்டேன். பெண்ணுக்கென்று போடுகிற நகையோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவோம். யாரையும் அடித்ததில்லை, மிரட்டியதில்லை.

அவள் மேல் எனக்கு ஆசை இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. ஒரே வீட்டில் இருந்தோம். சீப்பில் அவள் முடி சிக்கியிருந்தால் நான்தான் எடுத்துப் பத்திரப்படுத்துவேன். அவ்வளவுதான்.

சோலைராஜ் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஆலை வைத்திருந்தார். நாற்பது வயதாகியும் கல்யாணமாகாத மனுஷன். பால்கோவா கடையில் அனுசியா தன் பையை வைத்துவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்க இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் வெள்ளை நாய் ஒன்று வளர்க்கிறார் என்று விசாரித்து வைத்திருந்ததால், "எனக்கு நாய்ன்னா உசுரு" என்று சொல்லச் சொல்லியிருந்தேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் நாய் பாய்ந்து வந்து முந்தானையைக் கவ்விக்கொண்டது. இவள் சோபா மேல் ஏறிவிட்டாள். நாயைப் பிடிக்கப் போனவர் காபித் தட்டோடு கீழே விழுந்தார்.

அனுசியா சிரித்தாள். அந்தச் சிரிப்பு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

அப்புறம் நிறைய கவனித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தாள். அவர் வருவதற்கு முன்னால் இரண்டு தரம் முகம் கழுவினாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"மாரி, இது வேண்டாம். நான் அவரைக் கட்டிக்கிடப் போறேன்."

"நிசமாவா?"

"நிசமாத்தான்."

தென்காசிக்காரரிடமும் இதே குரலில்தான் "நிசமாத்தான்" என்றாள். அந்தக் குரலைப் பழக்கிவிட்டதே நான்தான். இப்போது என்னை ஏமாற்றுகிறாளா, அவரை ஏமாற்றுகிறாளா, இல்லை உண்மையா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவள் போகிறாள் என்பதில் எனக்கு வருத்தமில்லை. தெரியாமல் இருப்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

மறுவாரம் சோலைராஜே என்னைத் தேடி வந்தார்.

"அம்புட்டையும் சொல்லிட்டா. நீரு அண்ணன் இல்லைங்கிறதும் தெரியும். அதனால என்ன, அவளுக்கு வேற ஆளு கிடையாது. நீருதான் பக்கத்துல நின்னு கட்டிக்கொடுக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நல்ல மனுஷன் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்குப் பயமாகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுவதைவிட உசத்தியான ஏமாற்று வேலை கிடையாது சார்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சேத்தூர்ப் பக்கம் இருக்கிற தன் மாந்தோப்புக்குக் கூட்டிப்போனார். மத்தியான நேரம். அனுசியா மரத்தடியில் டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் எனக்குக் கிணற்றைக் காட்டினார். படி இடிந்த கிணறு, பாதிக்குத் தண்ணீர். மோட்டார் குழாய் கசிகிறதென்று குனிந்து பார்த்தார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். பலமாகக்கூட வைக்கவில்லை. விழும்போது தலை குழாயில் பட்டது.

"அனுசியா, அவரு உள்ள விழுந்துட்டாரு" என்றேன்.

ஓடி வந்தாள். நடிக்கிறவர்கள், யார் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார்கள். அவள் பார்க்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் குதித்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

அதோடு நம்பியிருக்கலாம். ஆனால் தண்ணீருக்கு மேலே தலை வந்தவுடன், "மாரி, கயிறு" என்றாள். மோட்டார் ரூம் ஆணியில் கயிறு தொங்கியது. எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டேன். நடிப்பாக இருந்தாலும் கயிறு கேட்கத்தானே செய்வாள்? செத்த நேரம் பார்க்கலாம் என்று நின்றேன். அவள் கை எட்டுகிற தூரத்தில் குழாய் இருந்தது. பிடித்திருந்த அவர் சட்டையை விட்டிருந்தால் அதைப் பிடித்திருப்பாள். அவள் விடவில்லை. முங்கும்போதும் இரண்டு கையாலும் அந்தச் சட்டையைத்தான் பிடித்திருந்தாள்.

பிறகு கிணற்றிலிருந்து சத்தமே வரவில்லை. நான் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன்.

நீங்கள் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. ஆனால் எஃப்.ஐ.ஆரில் இருவரும் தவறி விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தச் சொல்லத்தான் நானே வந்தேன். அவரைத் தள்ளியது நான். அனுசியா தவறி விழவில்லை, அவருக்காகக் குதித்தாள். நல்ல பிள்ளை சார் அவள், கடைசியில் பொய் சொல்லவில்லை. இப்போது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு நான் மனசாரச் சம்மதிக்கிறேன்.