வீட்டுப்பிள்ளைக் கணக்கு

எனக்குக் கால்பந்து பிடிக்காது. இருபத்தொரு வருடமாக ஒரு கால்பந்துக் கிளப்பில் தலைமைக் கணக்காளராக இருக்கிறேன். முழுதாக உட்கார்ந்து பார்த்த ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்றரை மணி நேரம் ஓடிக் களைத்து, ஒன்றுக்கு ஒன்று என்று முடித்துக்கொண்டு, அதையும் ஒரு வாரம் பேசுவார்கள். என் அறை ஜன்னல் மைதானத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. கண் கூசுகிறது என்று திரையைப் போட்டே வைத்திருப்பேன்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கு வேறு மாதிரி சொல்லவும் வராது. வாக்குமூலத்தைக் குறிப்பெடுக்கிறவர் கொஞ்சம் பின்தங்குகிறார், அவருக்காக விட்டு விட்டுச் சொல்கிறேன்.

முதலில் அந்த விதி. லீக் அதற்கு 'நிதி நியாய விதி' என்று பெயர் வைத்திருக்கிறது. பணக்கார முதலாளிகள் கோடி கோடியாகக் கொட்டி நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது. மூன்று வருடத்தில் இவ்வளவுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. மீறினால் பத்துப் புள்ளி வெட்டு. எங்கள் முதலாளிக்குப் பணம் ஒரு பொருட்டே இல்லை. கேட்டால் நாளைக்கே கொடுப்பார். விதிதான் அவரைக் கொடுக்க விடாது. அதனால் எங்கள் கிளப்பில் பணப் பஞ்சம் என்று ஒன்று வந்ததே கிடையாது, வந்த பஞ்சமெல்லாம் காகிதத்தில்தான்.

எங்கள் அலுவலகத்தில் ஆட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்துப் பேசுவோம். வெளியில் விலை கொடுத்து வாங்கி வந்தவர் மாப்பிள்ளை. வாங்கும்போதே முதுகு ஒடிந்துவிடும். வந்த பிறகும் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டாரா, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று நாலு பேர் பின்னாலேயே அலைவார்கள். சின்ன வயதிலிருந்து எங்கள் பயிற்சிப் பள்ளியிலேயே வளர்ந்தவன் வீட்டுப்பிள்ளை. மாப்பிள்ளைக்குக் கொடுத்த விலையை ஒப்பந்த வருடங்களால் வகுத்து, வருடத்துக்கு இவ்வளவு என்று செலவு எழுத வேண்டும். வீட்டுப்பிள்ளையை யாரும் வாங்கவில்லை, ஆகவே புத்தகத்தில் அவன் விலை பூஜ்யம். அவனை விற்றால் வருகிற தொகை மொத்தமும் விற்ற அன்றே லாபம். நெருக்கடி வந்தால் எந்தக் கிளப்பும் முதலில் கை வைப்பது வீட்டுப்பிள்ளை மேல்தான். வளர்த்தவனை விற்பதே லாபம் என்று நான் எழுதவில்லை, விதி எழுதியது.

இரண்டு வருடத்துக்கு முன் முதலாளி ஒரு மாப்பிள்ளையை இருநூற்று நாற்பது கோடிக்கு வாங்கினார். எட்டு வருட ஒப்பந்தம். வருடத்துக்கு முப்பது கோடி என்று எழுதினேன். பிறகு லீக்கிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: எத்தனை வருட ஒப்பந்தம் போட்டாலும் ஐந்து வருடத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. இனிமேல் வாங்குகிறவர்களுக்குத்தான் என்று நான் படித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்து அடிக்குறிப்பில் 'முன்தேதியிட்டு' என்று ஒரு சொல் இருந்தது. ஜூன் முதல் வாரத்தில்தான் அது கண்ணில் பட்டது. முப்பது இல்லை, நாற்பத்தெட்டு. வருடத்துக்குப் பதினெட்டு என்று இரண்டு வருடத்தில் முப்பத்தாறு கோடி உதைத்தது. ஜூன் முப்பதோடு கணக்கு முடிகிறது. வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்று மார்ச்சிலேயே நான் லீக்குக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று.

என் இருபத்தொரு வருடத்தில் அது ஒன்றுதான் தவறு. முதலாளியிடம் லீக் திடீரென்று விதியை மாற்றிவிட்டது என்று சொன்னேன். அவர் லீக்கைத் திட்டினார். பத்துப் புள்ளி போனால் நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவோம். இறங்கினால் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வேலை போகும். அந்தப் பட்டியலை நானே தட்டச்சு செய்து பார்த்தேன். புல் வெட்டுகிறவர் பெயர் இருநூற்று ஏழாவதாக இருந்தது. என் பெயர் முதலில் இருந்தது, அது பதவி வரிசை.

நாங்கள் விற்கக்கூடிய வீட்டுப்பிள்ளை ஒருவன்தான் இருந்தான். எல்லோரும் அவனை ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயது, இடது ஓரத்தில் ஓடுகிறவன். என் அக்கா மகன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டித் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியது அவள்தான். ஓட்டல் துணிகள் துவைக்கிற ஒரு சலவைக் கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் இன்னும் வேலை பார்க்கிறாள். கணவர் விட்டுவிட்டுப் போன பிறகு, ஒன்பது வயதில் பையனைக் கொண்டுவந்து எங்கள் பள்ளியில் சேர்த்தாள். மாதத்தில் பாதி நாள் விடுதியில்தான் இருக்க வேண்டும், பரவாயில்லையா என்று கேட்டேன். "உன் கண்ணு முன்னாடி இருப்பான்ல, அது போதும்டா" என்றாள். பதின்மூன்று வருடம் அவன் என் கண் முன்னால்தான் இருந்தான். பயிற்சி முடிந்து என் அறைக்கு வந்து, என் டப்பாவில் மிச்சமிருப்பதைத் தின்றுவிட்டு, திரையை விலக்கிவிட்டுப் போவான். அது எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அவன் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு ஊர்க் கிளப்பும் எங்களைப் போலவே மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே உள்ள கணக்காளரை எனக்குப் பல வருடமாகத் தெரியும், பொறுப்பான மனிதர். போனில் பேசினோம். எங்கள் பிள்ளையை அவர்கள் நாற்பது கோடிக்கு வாங்குவது, அவர்கள் பிள்ளையை நாங்கள் நாற்பது கோடிக்கு வாங்குவது. விற்றது இன்றைக்கே நாற்பது கோடி லாபம். வாங்கியது ஐந்து வருடத்துக்கு எட்டு எட்டாகச் செலவு. பெட்டியிலிருந்து காசு நகரவே இல்லை, இரண்டு வீட்டிலும் லாபம். அவர்கள் அனுப்பிய பையன் தங்கமான பையன். இன்றுவரை ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

அதற்குள் அந்த உறை வந்தது.

வருட முடிவுச் சோதனையில் எங்கள் கிளப் மருத்துவருக்கு ஒல்லியின் இதயத் துடிப்பில் ஏதோ சந்தேகம். வெளியே ஓர் இதய மருத்துவமனைக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பிவிட்டு, இரண்டு வார விடுப்பில் போய்விட்டார். வெளி மருத்துவமனை பில்லோடு ரிப்போர்ட்டையும் இணைத்து அனுப்பினால்தான் பணம் தருவோம் என்று எங்களிடம் ஓர் ஒழுங்கு உண்டு. எடுக்காத ஸ்கேனுக்கெல்லாம் பில் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நான்தான் கொண்டுவந்தேன். அதனால் உறை மருத்துவருக்குப் போகாமல் என் மேஜைக்கு வந்தது. பில்லைச் சரிபார்த்தேன், தொகை சரியாக இருந்தது. பிறகு ரிப்போர்ட்டைப் படித்தேன். இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருக்கிறது, விளையாட்டை உடனே நிறுத்த வேண்டும், ஓடினால் எந்த நேரமும் துடிப்பு நின்றுபோகலாம் என்று எழுதியிருந்தது. 'உடனே' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள்.

நான் கல்நெஞ்சன் இல்லை. கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆட முடியாத வீட்டுப்பிள்ளையை யாரும் வாங்க மாட்டார்கள். நாற்பது கோடி பூஜ்யமாகிவிடும். கணக்கு முடிய ஒன்பது நாள் இருந்தது.

அந்த ரிப்போர்ட்டை நான் கிழிக்கவில்லை. இதைத் தயவுசெய்து தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வவுச்சரைக் கிழிக்கிற கணக்காளன் நான் இல்லை. வருடக் கடைசியில் வருகிற பில்லை அடுத்த வருடக் கணக்கில் எழுதுவது எங்கள் தொழிலில் சாதாரணம். நானும் அதைத்தான் செய்தேன். உறையை மேஜை இழுப்பறைக்குள் வைத்து, ஜூலை மூன்றாம் தேதி வந்ததாக முத்திரை குத்தினேன். கிளப்பின் கோப்பில் போன வருடத்து இதய ரிப்போர்ட் இருந்தது, குறை ஒன்றும் இல்லாதது. அதுதான் அவனை வாங்குகிற கிளப்புக்குப் போனது.

ஒல்லிக்குப் போக மனமில்லை. "இங்கயே இருந்துடறேனே மாமா. அம்மா தனியா என்ன பண்ணும்?" என்றான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பட்டியலைக் காட்டினேன். புல் வெட்டுகிறவர் பெயரில் விரலை வைத்து நின்றான். அவர்தான் அவனுக்கு முதன்முதலில் ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்தவர். ஜூன் இருபத்தெட்டாம் தேதி அங்கே போய்க் கையெழுத்துப் போட்டான். லீக்குக்குக் கணக்கு சரியாகப் போய்ச் சேர்ந்தது. முதலாளி எனக்கு ஒரு பேனா அனுப்பியிருந்தார்.

விடுப்பு முடிந்து வந்த மருத்துவர் ஸ்கேன் என்ன ஆயிற்று என்று கேட்டார். அங்கே எல்லாச் சோதனையும் புதிதாகச் செய்துவிட்டார்கள் என்றேன். ஒரு வேலை குறைந்தது என்று அவரும் விட்டுவிட்டார்.

ஜூலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒப்பந்தத்தில் பதினான்காம் பிரிவு இருக்கிறது. மறைத்த நோய் ஏதாவது தொண்ணூறு நாளுக்குள் தெரியவந்தால் விற்பனை ரத்து. ரத்தானால் முடித்த கணக்கைத் திறக்க வேண்டும். தொண்ணூறு நாள் தாண்டியதும் ஒல்லியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். நாட்காட்டியில் குறித்துக்கூட வைத்திருந்தேன்.

எண்பத்து மூன்றாம் நாள் அவன் விழுந்தான். இரண்டாம் பாதி, அறுபத்து மூன்றாவது நிமிடம். எங்கள் அலுவலகத் தாழ்வாரத்துத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை, பந்தும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தவன் முகம் குப்புற விழுந்தான், கையை ஊன்றக்கூட இல்லை. எங்கள் ஆட்கள் அழுதார்கள். நான் அறைக்குப் போய் ஒப்பந்தத்தை எடுத்துப் பதினான்காம் பிரிவை மறுபடி படித்தேன். இறந்தால் என்ன என்று அதில் தனியாக எதுவும் இல்லை. நோய் தெரியவந்தால் என்றுதான் இருந்தது, இன்னும் ஏழு நாள் இருந்தது. அதைப் படித்து முடித்த பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டேன்.

அவள் இஸ்திரிப் பிரிவிலிருந்து அப்படியே வந்திருந்தாள். மருத்துவமனை வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்கிட்ட இருந்த வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகலடா. உன்ன விட்டுப் போனதும்தான் இப்படி ஆயிடுச்சு" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். நானும் அழுதேன், அது நடிப்பு இல்லை. அந்தக் கிளப்பின் ஆட்கள் மேல் அவளுக்கு இன்றும் தீராத கோபம். அதை மாற்ற நான் முயலவில்லை. யார் மேலாவது கோபப்பட்டால்தான் அவளால் நிற்க முடியும்.

பிரேதப் பரிசோதனை நடந்தது. அந்த அறிக்கை வர இரண்டு வாரம் ஆகும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குள் அந்தக் கிளப்பிலிருந்து அவன் மருத்துவக் கோப்பைக் கேட்டார்கள். போன வருடத்து ரிப்போர்ட்டையே திரும்பவும் அனுப்பினேன். தொண்ணூற்றோராம் நாள் காலையில் இதய மருத்துவமனைக்கு அந்தப் பில் தொகையை அனுப்பிவைத்தேன். நீங்கள் என்னைப் பிடித்ததே அதை வைத்துத்தான். அனுப்பாமல் இருந்திருந்தால் உறை இருந்தது யாருக்குத் தெரிந்திருக்கும் என்று உங்கள் உதவியாளர் ஆச்சரியப்பட்டார். நிலுவை வைப்பது எனக்குப் பழக்கமில்லை.

கடைசியாக, அவனுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே அவனைச் சோதித்தார்கள். முழங்கால், கணுக்கால், தசை எல்லாம் பார்த்தார்கள். இதயத்துக்குப் போன வருட ரிப்போர்ட்டே போதும், நேரமில்லை என்று அவர்கள் கணக்காளர் சொல்லியிருந்தார். ஆனால் அங்கிருந்த மருத்துவர் ஒருவர் வாய் வார்த்தையாகக் கேட்டிருக்கிறார், சமீபத்தில் வேறு ஏதாவது ஸ்கேன் எடுத்தாயா என்று. ஒல்லி வெளியே வந்து என்னைப் போனில் கூப்பிட்டான். குரல் தாழ்ந்திருந்தது. "மாமா, போன வாரம் படி ஏறும்போது கொஞ்சம் மயக்கமா வந்துச்சு. அந்த ஸ்கேன் ரிசல்ட் வந்துடுச்சா? இங்க கேக்கறாங்க, என்ன சொல்லட்டும்?" என்றான்.

உறை என் முழங்காலுக்கு நேரே மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. "இன்னும் வரலைடா. ஏதாவது இருந்தா முதல்ல எனக்குத்தான தெரியும்? ஒண்ணும் எடுக்கலைன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போடு" என்றேன்.

"நீங்க சொன்னா சரி மாமா" என்று வைத்துவிட்டான்.

பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஜூன் இருபத்தெட்டு வரைக்கும் அப்படி ஓர் உறை வரவில்லை. ஜூலை மூன்றில்தான் வந்திருக்கிறது. என்னை எதற்கு வேண்டுமானாலும் தண்டியுங்கள், ஆனால் அக்கா மகனிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.