வியாழக்கிழமைப் பெயர்கள்

ஹலோ... ஆமா, எல்கானாதான் பேசறேன். சொல்லுங்க ரெப் கெட்ஸல் ஐயா... ஆமா, ஆமா, வியாழக்கிழமை. மறப்பேனா? இந்த வாரம், இறந்துபோனவங்கள்ல யாருக்கு கதீஷ் ஜெபம் சொல்லணும்னு நோட்டைப் பாத்துச் சொல்லணும், அவ்வளவுதானே? ஒரு நிமிஷம்...

என்னது?... ஆமாங்க, ஃபெலோஷிப்ப இன்னும் ஒரு வருஷம் நீட்டிட்டாங்க. 'இடைக்கால, நவீன யூதவியல்'னு கதவுல போர்டுகூட மாட்டியிருக்காங்க... ஐயோ, எனக்கு எதுக்கு வாழ்த்து? உங்க ஜெபாலயத்து நோட்டு இல்லன்னா எனக்கு ஏது ஃபெலோஷிப்...

ஞாயித்துக்கிழமையா? எருசலேமுக்கா?... நோட்ட வாங்கிட்டுப் போகவா... இல்ல இல்ல, வாங்க, தாராளமா வாங்க. ஸஃபேத்ல இருந்து பஸ்ல அவ்ளோ தூரம், உங்க முட்டிக்கு... ஓ, மருமக கூட வர்றாங்களா... சரி... சரிங்க...

ஐயா! வெச்சிடாதீங்க. வர வேணாம். நோட்டு... நோட்டு இல்ல.

திருடு போகல. பொதைச்சுட்டாங்க... ஆமா, பொதைச்சுட்டாங்கன்னுதான் சொன்னேன். பஸ்கா பண்டிகைக்கு ரூமைச் சுத்தம் பண்ணப்ப, கூட வேலை பாக்கற யெதித்யா பாத்திருக்கான். பக்திமான். கிழிஞ்ச நோட்டு, உள்ள ஆண்டவர் பேரு, குப்பையில போடக் கூடாதேன்னு கிழிஞ்ச வேதப் புத்தகப் பெட்டியில போட்டுட்டான். மரியாதையா கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணிட்டாங்க... அவன் மேல தப்பு இல்லீங்க. நான்தான் பழைய பேப்பர் மேல போட்டு, காபிக் கப்ப வேற வெச்சிருந்தேன்...

கேட்டேன். தோண்ட விட மாட்டேங்கறாங்க.

போட்டோவா?... முன்னாடி இருக்கற பழைய பக்கம் பூரா எடுத்தேன். பின்னாடி உங்கப்பா கைப்பட எழுதினது... கதீஷ் சொல்லப் பிள்ளைங்க இல்லாம செத்த அறுபத்திமூணு பேரோட பேரு, தேதி... அத எடுக்கல. என் ஆராய்ச்சிக்குத் தேவைப்படலன்னு... சொல்லவே நாக்கு கூசுது.

ஹலோ? இருக்கீங்களா?... ஆமா... ஆமா, பஸ்காவுக்கு அப்புறம் மூணு வாரமா நான் சொன்ன பேரு...

கேக்காதீங்க ஐயா... சரி. பொய்தான். நீங்க லைன்ல காத்திருந்தீங்க, வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். மொதல்ல சொன்னது எங்க கேட் வாட்ச்மேன் பேரு... உயிரோடதான் இருக்கார். காலையிலகூட வணக்கம் சொன்னார்... தெரியும், கதீஷுக்கு வேண்டிய பத்துப் பேரைக் கூட்டி வெச்சு அவருக்குச் சொன்னீங்க... ரெண்டாவது, எதிர்க்கடை போர்டு. திட்டுங்க. நல்லா திட்டுங்க...

மூணாவதா... லேமல் மகன் ஃபைவல்... அது பொய்யில்ல. செத்துட்டார். நாலு வருஷம் ஆச்சு... உங்க நோட்டுல இல்லீங்க. எங்கப்பா.

இல்ல. ஒரு தடவகூட சொல்லல. கடைசியில எங்களுக்குள்ள பேச்சே இல்ல... ஆமா, பிள்ளை நான் இருக்கேன். கதீஷ் எந்த நூற்றாண்டுல வந்துச்சுன்னு கிளாஸ் எடுத்துக்கிட்டு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எங்கப்பாவுக்கு மொதமொதல்ல சொன்னது நீங்கதான்... வெக்கமா இருக்கு ஐயா. ரொம்ப வெக்கமா இருக்கு.

என்ன?... அந்த அறுபத்திமூணு பேருக்குமா? பேரும் தேதியும் போயிடுச்சே... தினமுமா?... ஆமா, தேதி தெரியலன்னா தினமும் சொன்னாத்தானே ஒருத்தரும் விட்டுப்போக மாட்டாங்க... நானா?... எத்தனை நாளைக்கு?... நீட்டிக் குடுத்த அந்த ஒரு வருஷமும்...

சொல்றேன். இல்லீங்க, இது பொய்யில்ல. இங்க பக்கத்துத் தெருவுலயே ஜெபாலயம் இருக்கு... நாளைக்குக் காலையிலயே... யார்ல ஆரம்பிக்க?... அப்பாவுலயா.

சரி... ஐயா, என்னை மன்னிச்சிட்டீங்களா?... ஹலோ?... ரெப் கெட்ஸல்?... ஹலோ?