லிட்டருக்கு ஆறே கால்

அட, அந்த ஸ்பேனரைக் கீழ வைங்க தம்பி. இன்ஜின்ல இருந்து இஞ்செக்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க. அவரு இப்ப வர மாட்டாரு. எதிர்க்கடையில காபி குடிக்கப் போயிருக்காரு. அந்தக் கடைக்காரன் இன்னைக்கு யார் முகத்துல முழிச்சானோ, டம்ளர்ல காபி எவ்வளவு குறையுதுன்னு கேட்டுக்கிட்டு நிப்பாரு.

ஆமா, எங்க வீட்டுக்காரரேதான். உங்ககிட்ட அரை மணி நேரம் மைலேஜ் ஒப்பிச்சாரே, அதே மனுஷன். வெறும் வண்டின்னா லிட்டருக்குப் பன்னெண்டு கிலோமீட்டர், பின்னாடி ட்ரெய்லர்ல படகை இழுத்தா ஆறே கால். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு. எங்க கல்யாண நாள் என்னைக்குன்னு கேளுங்க, திரும்பி என் முகத்தைப் பார்ப்பாரு.

சிரிங்க சிரிங்க, உங்களுக்கென்ன. எடையளவு ஆபீஸ்ல முப்பது வருஷம் இன்ஸ்பெக்டரா இருந்தவரு தம்பி. கடை கடையா ஏறி எந்தத் தராசு பொய் சொல்லுதுன்னு கண்டுபிடிக்கிற வேலை. ரிட்டயர் ஆனதும் சோதிக்கத் தராசு இல்லையா, நான் போடுற உப்பு, நான் கட்டுற சாப்பாட்டுப் பார்சல், நான் கேஸ் அடுப்பை எத்தனை நிமிஷம் எரிய விடுறேன்னு எல்லாத்தையும் சோதிக்க ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் இந்தப் பிக்கப்பை வாங்கினாரு, கூடவே படகையும். அப்பாடா, நான் தப்பிச்சேன், வண்டி மாட்டிக்கிச்சு.

டீசல் போடப் போறதை நீங்க பார்க்கணுமே. சொந்தமா ஒரு அஞ்சு லிட்டர் அளவுக் கேன் வச்சிருக்காரு. முதல்ல அதுல பிடிச்சுப் பார்க்கணும். அப்புறம் டேங்க்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பிட்டு, வண்டியைப் பிடிச்சு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுவாரு. உள்ள இருக்கிற காத்து வெளிய போய் இன்னும் கொஞ்சம் இறங்கணுமாம். நான் உள்ள உக்காந்து குலுங்கிக்கிட்டு இருப்பேன். அந்த பங்க்ல வேலை செய்யிற பொண்ணு எங்க வண்டியைப் பார்த்தாலே உள்ள ஓடிடும்.

படகுல ஏறுற ஒவ்வொரு சாமானையும் எடை போட்டாச்சு. நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட்டு, ஒண்ணு விடல. எடை போட்டதும் மேல ஒரு ஸ்டிக்கர், தேதி, கையெழுத்து. ஒட்டிட்டாருன்னா ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கமே திரும்ப மாட்டாரு. முத்திரை வச்சதை மறுபடி சந்தேகப்பட்டா இன்ஸ்பெக்டருக்கு அவமானமாம். இந்தா பாருங்க, என் கைப்பையில கூட இருக்கு. ரெண்டு கிலோ நூறு. என்னையா? தராசுல ஏறுன்னு சொன்னாரு. நான் ஒரு பார்வை பார்த்தேன், அதோட சரி.

முதல்லயா? படகை இழுத்தே ஏழரை கொடுத்துச்சு. நீங்க கேக்குறதும் சரிதான், அப்ப எப்படி ஆறே காலுக்கு வந்துச்சு? அதுக்குத்தான் மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காரு. ஃபில்டர் மாத்தினாரு, ட்ரெய்லருக்கு டயர் மாத்தினாரு. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுறாரு, வெறுங்காலு லேசா மிதிக்குமாம். ஒண்ணும் நடக்கல. சனிக்கிழமை ஒருத்தர் படகைப் பார்க்க வர்றாரு. நீங்களும் கையை விரிச்சுட்டா அன்னைக்கே தூக்கிக் கொடுத்துடுவேன்னு காலையில சொல்லிட்டாரு. அதைக் கேட்டுட்டுத்தான் நானும் வண்டியில ஏறி உங்ககிட்ட வந்தேன்.

ஐயோ, எனக்கு மீன் பிடிக்கிற ஆசையெல்லாம் கிடையாது. தண்ணியைப் பார்த்தாலே தலை சுத்தும். அவரு ஏரிக்குள்ள போவாரு, நான் கரையில நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். படகு போனா எனக்கு நல்லதுதானேன்னுதானே நினைக்கிறீங்க? ஊரே அப்படித்தான் நினைக்குது.

எப்படிச் சொல்றது... எங்க பொண்ணு கல்யாணமாகிப் போனதுல இருந்து வீட்டுல சத்தமே இல்ல தம்பி. சாப்பிட வாங்க, ம். போதுமா, ம். ஒரு நாளைக்கு ஒம்பது ம் எண்ணியிருக்கேன். கோபக்காரர்னு நினைக்காதீங்க, தங்கமான மனுஷன். பேசத் தெரியாது, அவ்வளவுதான். ஏழரை கொடுத்த காலத்துல ஏரிக்குப் போறப்பவும் அதே கதைதான். வண்டி பறக்கும், ரேடியோ கத்தும், ஒண்ணரை மணி நேரத்துல ஏரி வந்துடும். நான் ஜன்னல்ல மலையைப் பார்த்துக்கிட்டே போவேன்.

மைலேஜ் குறைஞ்ச அன்னைக்குத்தான் எல்லாம் மாறுச்சு. மனுஷன் பயந்துட்டாரு. நாப்பதுக்கு மேல போகக் கூடாதுன்னுட்டாரு. ஏசியை நிறுத்தினாரு. ரேடியோவும் டீசல் குடிக்குமோன்னு அதையும் நிறுத்தினாரு. ஏரிக்கு ஏறுற அந்த மலை ரோட்டுல ஒண்ணரை மணி நேரம் மூணு மணி நேரமாச்சு. சும்மா உருட்டிக்கிட்டே போனா தூக்கம் வருமில்ல? பேச ஆரம்பிச்சாரு!

முதல்ல கியரைப் பத்தி. அப்புறம் அவங்க அம்மாவைப் பத்தி. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு கடைக்காரம்மா தராசு தப்பா இருந்துச்சாம். நிறைமாசமா நின்னு அழுதுச்சாம். சரின்னு முத்திரை குத்திட்டு வந்துட்டாராம். முப்பது வருஷமா உறுத்துதுன்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. ஒரே கட்டில்ல படுக்குறோம், எனக்குத் தெரியாது. போன வாரம் என்னைக் கேட்டாரு, நீ சின்னப் பிள்ளையில என்ன ஆகணும்னு நினைச்சேன்னு. முப்பத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா. லாரி ஓட்டணும்னு நினைச்சேன்னு சொன்னேன். சிரிச்ச சிரிப்புல வண்டியையே ஓரங்கட்டிட்டாரு. அப்புறம் நிஜமாவான்னு கேட்டுட்டு, வர்ற வழி பூரா அதையே பேசிக்கிட்டு வந்தாரு. எனக்கு அந்த ரோடு முடியாம இருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

அதனால இன்ஜின்ல ஒண்ணும் தேடாதீங்க. வண்டிக்குப் பின்னாடி நிக்கிற படகோட மூக்குப் பக்கம் ஒரு மூடி இருக்கு பாருங்க. ஆமா, அவரு ஸ்டிக்கர் ஒட்டின மூடிதான், அதனாலதான் அதைத் திறந்தே பார்க்கல. தூக்குங்க.

மணல் தம்பி. பன்னெண்டு மூட்டை, ஒண்ணு இருபது கிலோ. அவரோட சிநேகிதர் ஒருத்தர் படகை இரவல் வாங்கிட்டு, தண்ணி ரொம்பின ட்ரம்மை எல்லாம் இந்த மூடிக்குள்ளயே விட்டுட்டாரு. அதுலதான் முதல்ல குறைஞ்சது. படகைக் கழுவுறப்ப நான் பார்த்தேன், பார்த்துட்டு வாயைத் திறக்கல. அந்தச் சிநேகிதர் வந்து ட்ரம்மை எடுத்துட்டுப் போனதும் என்ன பண்றது? பக்கத்து வீட்டுல கட்டட வேலை நடந்துச்சு. தினம் ஒண்ணுன்னு பன்னெண்டு நாள் சுமந்தேன். இடுப்பு ஏன் வலிக்குதுன்னு கேட்டு இவரே தைலம் தேய்ச்சு விட்டாரு, பாவம்.

ஐயையோ, எல்லாத்தையும் எடுக்காதீங்க! ஆறு போதும், ரெண்டு பக்கமும் மூணு மூணா எடுங்க, இல்லேன்னா படகு சாயும். ஏதோ ஒரு குழாயில அடைப்பு இருந்துச்சு, எடுத்துட்டேன்னு சொல்லிடுங்க. ஏழு கிட்ட வந்துட்டா படகை விக்க மாட்டாரு. பழையபடி ஏழரை வந்துடுச்சுன்னா, என்கிட்ட பேச மாட்டாரு தம்பி.