மேலேயும் ஒரு டின்

இன்றைக்குச் சொல்லிவிடலாம். எனக்கு நடந்தது என்று சொல்லாமல், கூட்டாளியின் அக்காவுக்கு நடந்ததாகச் சொல்லிவிடலாம். தாமரையிடம் அவள் அண்ணனைப் பற்றி நான் மறைத்தது இந்த ஒன்றைத்தான் என்று நினைத்துக்கொண்டாள் சந்திரகலா.

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சந்திரகலாவின் வீடு பதினேழாவது மாடியில். அதற்கு மேல் வீடு கிடையாது, பூட்டிய கூரைதான். மெழுகுவர்த்தியை நெருங்கி அவளும், நாத்தனார் தாமரையும், தாமரையின் மகள் கௌசலாவும், எதிர்வீட்டு நிலோபரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிஸ்கட் டின் நிறைய முறுக்கு.

நிலோபர் தானாக ஏறி இறங்கும் லிஃப்டைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தாள்.

"அது பேய் இல்ல லா ஆன்டி, ரிப்பேர்," என்று சிரித்தாள் கௌசலா. "மெனேஜ்மென்ட்டுக்குப் போன் போடுங்க."

"நான் ஒண்ணு சொல்றேன்," என்றாள் சந்திரகலா. "என் கூட்டாளியோட அக்காவுக்கு நடந்தது. ஆட்டுப் பண்ணை வெச்சிருந்தாங்க."

தாமரை நிமிர்ந்து பார்த்தாள். 

மாலை ஏழு மணி. உலு லங்காட் பக்கம், தார் முடிந்து செம்மண் தொடங்கும் பாதை. அதற்கப்பால் ஆள் கிடையாது... மலைச்சரிவு மட்டும். அந்த அக்காவின் புருஷனுக்கு அப்பா வழியில் வந்த நாலு ஏக்கர். யாரும் பால் வெட்டாத ரப்பர் மரங்கள், இடுப்பு உயரத்துக்கு லாலான் புல். ஆடுகள் மேய இடம் வேண்டுமென்று புருஷனும் பெண்டாட்டியும் பாராங்கத்தியால் வெட்டி, எரித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினார்கள்.

ஆடுகளைக் கூப்பிட அவளிடம் ஒரு பழைய பிஸ்கட் டின். சாயங்காலம் தொட்டியில் சோயா சக்கையைக் கொட்டிவிட்டுக் கரண்டியால் மூன்று முறை தட்டுவாள். டங்... டங்... டங். மூன்றாவது மட்டும் சற்றே இழுக்கும். அது அவள் கைப்பழக்கம். எங்கே மேய்ந்தாலும் ஆடுகள் ஓடி வந்துவிடும்.

அன்றைக்குப் பெரிய பாறைகளைத் தாண்டி வெட்டியிருந்தார்கள். எரித்த பிறகும் அந்த இடத்தில் புகை வாசம் இல்லை. காயாத துணியின் வாசம்.

ஏழு மணிக்கு அவள் தட்டினாள். ஆடுகள் தலையைத் தூக்கின. வரவில்லை. எல்லாமே மேலே பார்த்துக்கொண்டு நின்றன.

மேலேயிருந்து... டங். டங். டங்.

"எக்கோ," என்றாள் கௌசலா.

"நாங்களும் அப்படித்தான்..." சந்திரகலா நிறுத்தினாள். "அவங்களும் அப்படித்தான் நெனச்சாங்க."

அந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மேலே மறுபடியும் மூன்று. மூன்றாவது, சற்றே இழுத்து. ஆடுகள் அந்தச் சத்தத்தை நோக்கி ஏறத் தொடங்கின. புருஷன் டார்ச்லைட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். "தட்டிக்கிட்டே இரு, வழி தெரியும்," என்றான்.

இருட்டிவிட்டது. வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அவள் தட்டினால் அது கீழே திரும்பும். மேலே தட்டினால் மேலே திரும்பும். அவள் நிறுத்தினால் அவனுக்கு அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்கும். நிறுத்தாவிட்டால் இரண்டு... எது பெண்டாட்டி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? போனில் லைன் கிடைக்கவில்லை. கத்திப் பார்த்தாள். தொண்டை கட்டிப்போனது. தட்டித் தட்டி உள்ளங்கை தோலுரிந்தது. வெளிச்சம் ஏறிக்கொண்டே இருந்தது.

ஆடுகள் இறங்கி வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. எதுவும் தொட்டியில் வாய் வைக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. அவன்தான். மூச்சு வாங்கியது, ஆனால் சிரித்தான்.

"'போதும் கலா, தட்டாதே. வந்துட்டேன். நீதான் முன்னால நிக்கிறியே.'"

அந்தப் பெயர் அறையில் அப்படியே நின்றது. கௌசலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம்?" நிலோபரின் குரல் மெல்ல வந்தது.

"அவ்வளவுதான். போலீஸ், நாய், தீயணைக்கிற பொம்பாக்காரங்க... நாலு நாள் தேடினாங்க. டார்ச்லைட் மட்டும் கெடச்சது. அணைச்சு, பாறை மேல நிறுத்தி வெச்சிருந்தது. வீட்டுக்குள்ள வந்ததும் வைப்பாரே... அந்த மாதிரி."

தாமரை டின்னிலிருந்த முறுக்கைத் தட்டில் கொட்டினாள். காலி டின்னைச் சந்திரகலாவின் முன்னால் நகர்த்தினாள். குழம்புக் கரண்டியை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"ரெண்டு வருஷம் எங்கிட்ட சொல்லல நீங்க," என்றாள். கோபம் இல்லை. அதைத்தான் சந்திரகலாவால் தாங்க முடியவில்லை. "ஒரே ஒரு தடவ தட்டுங்க அண்ணி. அண்ணனுக்குக் கேக்கட்டும். நீங்க நிறுத்திட்டீங்கன்னு அங்கேயே நின்னுட்டிருக்கும்."

இந்த ஆசை தனக்கு இல்லையா? எத்தனை சாயங்காலம் சமையலறையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கை தானாக நீண்டது.

கூரையிலிருந்து... டங். டங்.

மூன்றாவது, சற்றே இழுத்து.

நிலோபர் வாயைப் பொத்திக்கொண்டாள். தாமரையின் கண்களில் நீர் கொட்டியது. "அண்ணன்தான்... தட்டுங்க அண்ணி!"

சந்திரகலா கரண்டியை எடுத்துப் பாய்க்கு அடியில் தள்ளினாள். டின்னைச் சத்தமில்லாமல் மூடி, மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள்.

"அது அவர் தட்டுறது இல்ல... மாட்டேன்மா," என்றாள்.