பின்கேட்டுக்கு ஒரு லென்ஸ்

டீக்கு நன்றி மேடம். சர்க்கரை சற்றுத் தூக்கல், இருந்தாலும் சூடாக ஏதாவது உள்ளே போனால்தான் எனக்குப் பேச்சு வரும். எழுதிக்கொள்கிற காவலர் நிதானமாகவே எழுதட்டும். நான் எங்கும் ஓடப் போவதில்லை. ஓடுகிறவன் என்றால் அன்றைக்கே ஓடியிருப்பேன்.

பெயர் ராஜ்மோகன். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்து பர்மனென்ட் ஆனவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் நெய்வேலி நகரியத்தில்தான். எனக்கு மைன்ஸில் வேலை அமையவில்லை. அதனால் பஜாரில் கண்காணிப்புக் கேமரா கடை வைத்தேன். விற்பது, மாட்டுவது, பழுது பார்ப்பது எல்லாம் நானே. மனைவி திலகவதி. ஒரே மகள், ஹரிணி.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஏன் அந்த லென்ஸை வாங்கினீர்கள் என்றுதான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். நல்ல கேள்வி. வழக்கமாக யாரும் அதைக் கேட்பதில்லை. கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பார்கள், விலையைக் குறை என்பார்கள், லென்ஸைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். படம் மங்கிப்போனால் கேமராவே போய்விட்டது என்று மூக்கால் அழுவார்கள். தொண்ணூறு சதவீதம் கேமரா நன்றாகத்தான் இருக்கும். நிலக்கரித் தூசியும் வெயிலும் சேர்ந்து லென்ஸைக் கெடுத்திருக்கும். அதைக் கழற்றி வேறொன்றைத் திருகினால் போதும்.

எதைத் திருகுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. 2.8 மில்லிமீட்டர் போட்டால் முற்றம் முழுவதும் தெரியும். ஆனால் தூரத்தில் நிற்பவன் எறும்பு அளவுக்குத்தான் இருப்பான். 12 போட்டால் அந்த எறும்பின் மீசை வரைக்கும் தெரியும், ஆனால் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. எல்லாமும் வேண்டும் என்று அடம்பிடிக்கிற வாடிக்கையாளரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன். உங்களுக்கு அங்கே யாரைப் பார்க்க வேண்டும்?

கம்மாபுரம் சாலையில் ஒரு கான்ட்ராக்ட்காரரின் இரும்புக் கிடங்கு இருக்கிறதே, அங்கே கேமரா பராமரிப்பு முழுக்க என் பொறுப்பு. அதன் கன்ட்ரோல் ரூமில் திரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஹரிணிக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். வயது வந்த பெண் கண்ட இடத்துக்கு வேலைக்குப் போவதைவிட, இது நல்லது. கன்ட்ரோல் ரூமுக்குள்ளும் ஒரு கேமரா உண்டு. கடையில் உட்கார்ந்தபடி அவள் சாப்பிட்டாளா, தண்ணீர் குடித்தாளா என்று பார்த்துக்கொள்வேன். பெற்றவனுக்கு அந்த அக்கறை இருக்காதா?

என்னிடம் வேலை பார்த்தவன் இனியன். கம்மாபுரத்துப் பக்கம், காலனி. அப்பா கலியன் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர். பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு என்னிடம் வந்தான். ஏணியில் ஏறினால் கை நடுங்காது. நான் சாதி பார்க்கிறவன் இல்லை மேடம், இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவன் என் வீட்டில் பலமுறை சாப்பிட்டிருக்கிறான். வராந்தாவில்தான். ஆனால் அது அவன் பூட்ஸில் இருக்கிற சேற்றுக்காக.

ஹரிணி வேலையில் கெட்டிக்காரி. எந்தக் கேமராவில் சிலந்தி வலை கட்டினாலும், எது அரை விரற்கடை திரும்பியிருந்தாலும் அன்றைக்கே போன் வந்துவிடும். அப்பா, கேன்டீன் பக்கம் மங்கலா இருக்கு. அப்பா, லாரி எடை போடற வே பிரிட்ஜ்ல ஃபோகஸ் போயிடுச்சு என்று நச்சரித்து எடுப்பாள். அப்படிப்பட்டவள் பின்கேட்டுக் கேமராவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் தற்செயலாகக் கடையில் அந்தப் படத்தைத் திறந்தேன். பாலில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. லென்ஸ் கெட்டு மாதக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரம். பின்கேட்டு வேப்பமரத்தடியில் ஒரு மஞ்சள் திட்டு, ஒரு நீலத் திட்டு. மஞ்சள் நிறம் அன்று காலை என் மகள் உடுத்திப்போன சுடிதார். நீலம் நான் தீபாவளிக்கு இனியனுக்கு எடுத்துக் கொடுத்த சட்டை. கொஞ்ச நேரத்தில் இரண்டு திட்டும் ஒன்றாகிவிட்டன. கெட்ட லென்ஸில் அப்படித்தான் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் கண் தெரியாது என்று அறிந்தவர்கள் ஊரிலேயே அவர்கள் இரண்டு பேர்தான். நான் சொல்லிக்கொடுத்த வேலையை வைத்து என் காதிலேயே பூச்சுற்றியிருக்கிறார்கள்.

அன்று மாலை வீட்டில் கேட்டேன். அவள் பூசி மெழுகவில்லை. "ஆமாப்பா. இனியனைத்தான் கட்டிக்கப் போறேன். உங்ககிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். குரல்கூட உயரவில்லை. அந்த நிதானம் என்னிடமிருந்து வந்தது. பேசிக்கொண்டே அவள் தன் அறைக்குள் போனாள், நான் கதவைச் சாத்தினேன். விரல்களை நிலையில் வைத்தது அவள். இரண்டு விரல் வீங்கிவிட்டன. திலகவதி குறுக்கே வந்தாள், ஒரே ஒரு அறை. பல் விழுந்தது என்று உங்களிடம் சொல்லியிருப்பாள். அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்.

நான் முரடன் இல்லை. மறுநாள் காலை நானே பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரலுக்கு மருந்து போட்டுக் கட்டிவிட்டேன். "சரிம்மா, நான் யோசிச்சிட்டேன். செஞ்சு வைக்கிறேன்" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எத்தனையோ வருடம் கழித்து என் பிள்ளை என் தோளில் சாய்ந்தது.

அவனையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். அன்று வராந்தாவில் உட்காரப் போனவனை உள்ளே கூப்பிட்டேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"எங்க வூட்ல யாரும் நம்பலைங்க சார். அப்பா காலைலேர்ந்து அழுதுகினே இருக்காரு. அம்மாதான், 'பெரிய மனுஷன்டா, கால்ல வுழுந்துட்டு வா'ன்னு சொல்லிச்சு."

"கால்லயெல்லாம் விழ வேண்டாம். முதல்ல அந்தப் பின்கேட்டு லென்ஸை மாத்திருவோம். இத்தனை நாள் மங்கலாவே விட்டு வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்."

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். திலகவதியும் சிரித்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

சென்னையிலிருந்து மூன்று லென்ஸ் வரவழைத்தேன். 2.8, 4, 12. கடை மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2.8 போட்டிருந்தால் நீ தப்பித்திருப்பாயே என்று நேற்று உங்கள் எஸ்.ஐ. கேட்டார். எனக்குத் தெரியாதா? போன வருடம் அதே கிடங்கின் முன்கேட்டில் கேபிள் திருடன் ஒருவனைக் காவலாளிகள் பிடித்தார்கள். அங்கே இருந்தது 2.8. கடையிலிருந்து முழுவதையும் பார்த்தேன். சத்தமில்லாத படம். நாலைந்து பேர் குனிந்து நிமிர்கிறார்கள், நெல் அடிக்கிறார்களோ என்றுதான் தோன்றும். அவனுக்கு ஒரு கண் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். முகம் தெரியுமா சார் என்று காவலாளிகள் என்னிடம் வந்து கேட்டார்கள். ஒருத்தன் முகமும் தெரியாது, நிம்மதியாகப் போங்கள் என்றேன். அவர்கள் போன பிறகும் நான் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அடி வாங்குகிறவனின் முகம் தெரியாமல் எனக்கு என்னவோ குறையாகவே இருந்தது.

பின்கேட்டுக்கு 12 வாங்கினேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

லென்ஸ் மாற்றுவதற்கு எங்கள் தொழிலில் மூன்று பேர் வேண்டும். ஒருவன் ஏணியில் நின்று லென்ஸைத் திருக வேண்டும். ஒருவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, போதும் என்று போனில் சொல்ல வேண்டும். இன்னொருவன் கேமரா பார்க்கிற இடத்தில் போய் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அன்று இனியன் ஏணியில், ஹரிணி திரையில், நான் கேட்டருகே வேப்பமரத்தடியில். நல்ல வெளிச்சம். காவலாளி சாப்பிடப் போயிருந்தான். இனியன் காதில் ப்ளூடூத். இருவரும் வேலையும் பேச்சுமாக இருந்தார்கள். அவன் அடிக்கடி சிரித்தான்.

என் முகம் தெளிவாகிவிட்டது என்று அவள் சொன்னதும் அவன் லென்ஸின் திருகைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தான். நான் சொன்னேன், "நான் மாநிறம்டா. கறுத்த முகம் நிழல்ல தெரியுதான்னு பார்க்கணும். இப்ப நீ நில்லு." நியாயமான பேச்சுதான், தொழில் தெரிந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவன் போய் வேப்பமரத்தடியில் நின்றான். தலையைக் கோதிக்கொண்டான். "ஏய், சிரிப்புக் காட்டாத ஹரிணி, சார் பக்கத்துலதான் இருக்காரு" என்று போனில் சொன்னது எனக்குக் கேட்டது.

கேமரா வேலைக்குக் குழாய் திருகுகிற பைப் ரெஞ்ச் தேவையே இல்லை. அன்று பையில் எடுத்துப் போயிருந்தேன்.

முதலில் முழங்கால். அவன் என்னைவிட உயரம், நிற்கும்போது தலை எட்டாது. உட்கார்ந்த பிறகு தோள், பிறகு தடுக்க வந்த கை. எலும்பு உடையும் சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னது. அவன் என்னைத் திருப்பி அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் விழுந்திருப்பேன், அவ்வளவு பலசாலி. அவன் கும்பிடத்தான் பார்த்தான். ஒரு கை எழும்பவில்லை. முகத்தை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். குனிந்துகொண்டவனை முடியைப் பிடித்து நிமிர்த்தி, கேமராக் கம்பத்தின் பக்கம் திருப்பினேன்.

அப்போது அவன் சொன்னான், "சார், ஹரிணி பாத்துகினு இருக்குது சார்."

"தெரியும்" என்றேன்.

வேறு வழி இருந்ததா என்று நீங்களே யோசியுங்கள். ஓடிப்போய்விட்டான் என்று சொன்னால் காத்திருப்பாள். விபத்தில் செத்தான் என்றால் ஆயுசுக்கும் அவன் படத்துக்குப் பூப் போடுவாள். ஆள் வைத்துச் செய்தால் யாரோ செய்தார்கள் என்று இருந்துவிடுவாள். பெண்பிள்ளை சந்தேகத்தோடு வாழக் கூடாது. யாருக்கு என்ன ஆயிற்று, யார் செய்தது என்று ஐயமில்லாமல் தெரிந்துவிட்டால் மனம் தெளிந்துவிடும். 2.8 போட்டால் அவள் எறும்பைத்தான் பார்த்திருப்பாள். அவன் முகத்தை அவள் பார்த்தாக வேண்டும் என்று எனக்கு இருந்தது. அந்த லென்ஸை நான் என் மகளுக்காகத்தான் வாங்கினேன் மேடம். அவன் முகத்தில் ஐந்தாறு அடி அடித்தேன். முகம் என்று சொல்ல ஏதாவது இருக்கும் வரையில் அடித்தேன்.

ப்ளூடூத் மண்ணில் விழுந்து அதிலிருந்து சன்னமாக ஒரு கத்தல் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, திரையைத் துடைத்து, என் காதில் வைத்தேன்.

"ஹரிணி?"

"அப்பா" என்றாள்.

"படம் எப்படிம்மா இருக்கு?"

"தெளிவா இருக்கு."

"முகம்?"

"தெரியுது. அப்பா, அங்கேயே நில்லுங்க. போயிடாதீங்க. கொஞ்சம் வலது பக்கம் வாங்க. நிமிர்ந்து மேல பாருங்க."

நான் வலது பக்கம் நகர்ந்து நிமிர்ந்து பார்த்தேன். எத்தனை வருடப் பழக்கம். திரையில் இருப்பவர் சொன்னால் கீழே இருப்பவன் கேட்க வேண்டும்.

"கையில இருக்கறதையும் தூக்கிக் காட்டுங்க."

காட்டினேன்.

"போதும்" என்றாள். "உங்க முகமும் தெரியுது." அப்புறம் போனை வைத்துவிட்டாள். உங்கள் ஜீப் வரும்வரை நான் அந்த மரத்தடியிலேயே நின்றேன். ஏணியை மட்டும் மடக்கி ஓரமாகச் சாய்த்து வைத்தேன், வாடகை ஏணி அது.

ஆகவே மேடம், இனியனை அடித்துக் கொன்றது நான்தான். திட்டம் போட்டுத்தான் கொன்றேன். யாரும் தூண்டவில்லை. நீங்கள் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அந்தப் பதிவை ஹரிணியே எடுத்துக்கொண்டு வந்து ஸ்டேஷனில் கொடுத்தாள், அப்படியொரு தெளிவான படத்தை நான் பார்த்ததே இல்லை என்று நீங்கள் சொன்னபோது, உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தொழில் கற்றுக்கொடுத்தவன் நானல்லவா.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் வாயில் அப்பா என்றுதான் வந்தது, கவனித்தீர்களா? வக்கீல் வைத்திருக்கிறாள், கலியன் வீட்டிலேயே போய்த் தங்கிவிட்டாள் என்றெல்லாம் உங்கள் எஸ்.ஐ. சொன்னார். சின்னப்பிள்ளைக் கோபம் மேடம். அவளுக்கு எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, கதவில் நசுங்கிய விரலையே அடுத்த நாள் மறந்தவள். என்னை எந்த ஜெயிலுக்கு அனுப்பினாலும் அங்கே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என் மகள் வருவாள், வாசலில் காக்க வைக்காமல் உள்ளே விடட்டும். வெயிலில் நின்றால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.